வேட்டி மக்க வேண்டும்

மார்ச் 16, ஞாயிறு

இன்று ஒரு நல்ல காரியம் செய்தேன். எழுதி வைக்காவிட்டால் பிற்காலத்தில் யாரும் நம்ப மாட்டார்கள் என்பதால் இந்த டைரியை எடுத்தேன். பூச்சிமருந்துக் கம்பெனிக்காரர்கள் வருஷா வருஷம் என் உரக்கடைக்குக் கட்டாகக் கொடுத்துவிட்டுப் போவது. வாடிக்கையாளர்கள் எல்லாம் இப்போது போனில் குறித்துக்கொள்கிறார்கள். மிச்சத்தை உபயோகிக்க என்னை விட்டால் ஆளில்லை.

வீட்டில் பேச ஆளில்லாததும் ஒரு காரணம். மனைவி கோகிலாமணி கோயமுத்தூரில் இருக்கிறாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதுதான் வழக்கம். மகள் நித்யா பயணம் செய்யக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், தாய்வீடே பையைத் தூக்கிக்கொண்டு மகளிடம் போய்விட்டது.

நல்ல காரியம் இதுதான். கோபிக்குப் பக்கத்தில் எங்களுக்கு நாலு ஏக்கர் தோட்டம். நடுவில் ஒரு வரப்பு. மேற்கே என் ஆட்சி, கிழக்கே அவள் ஆட்சி. இருபத்தைந்து வருஷமாக உரமும் மருந்தும் விற்கிறவன் நான். என் பக்கத்தில் ஒரு புல் தலைகாட்டாது. அவள் பக்கத்தில் மூன்று வருஷமாக என் கடைச் சரக்கு ஒரு சொட்டு விழுந்ததில்லை. கடைசியாக வைத்த மஞ்சள் அழுகிப்போன பிறகு, மஞ்சளையே நிறுத்திவிட்டு மண்ணைத் தேற்றுகிறாளாம். உளுந்து போடுவாள், எள் போடுவாள், இடையில் சணப்பு, கொள்ளு என்று பல தானியத்தைக் கலந்து விதைத்து, வளர்ந்ததும் மடக்கி மண்ணுக்கே கொடுத்துவிடுவாள். வருகிற வைகாசியில் மறுபடி மஞ்சள் நடுவது என்று இருக்கிறாள்.

இந்தத் தடவை விதைத்துவிட்டு ஊருக்குப் போனாளா, அது முழங்காலுயரம் வளர்ந்து காடாகக் கிடந்தது. அதில் களைதான் அதிகம் என்பது என் அபிப்பிராயம். பாவம், ஒற்றை ஆளாக வந்து என்ன செய்வாள்? நானே மருந்தடிக்கிற டேங்க்கை முதுகில் மாட்டிக்கொண்டு போய் இரண்டு ஏக்கருக்கும் களைக்கொல்லி அடித்துவிட்டேன். வந்ததும் ஆச்சரியப்படட்டும்.

மார்ச் 17, திங்கள்

முதுகு விட்டுப்போய்விட்டது. ரசம் வைத்தேன். ரசம் என்று நான் சொன்னால்தான் தெரியும்.

மார்ச் 24, திங்கள்

எல்லாம் காய்ந்து சருகானது. தீ வைத்தேன். மளமளவென்று எரிந்து கரும்பலகை மாதிரி சுத்தமாகிவிட்டது. பக்கத்துத் தோட்டத்துச் சென்னியப்பன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு, "இப்பத்தானுங்கண்ணா தோட்டமாட்ட இருக்குது" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இவர் வாயால் இப்படி ஒரு வார்த்தை வரவேண்டும் என்று நான் காத்திருந்தேன் என்று சொல்ல மாட்டேன். வந்தது, கேட்டேன், அவ்வளவுதான்.

மார்ச் 27, வியாழன்

டிராக்டர்காரரைக் கூப்பிட்டு ரோட்டவேட்டர் விட்டு உழவைத்தேன். ஒரு தடவை போதும் என்றார். மூன்று தடவை ஓட்டச் சொன்னேன். மண் மாவாகிவிட்டது. முன்பு வந்த அழுகல் நோய் மறுபடி வரக் கூடாதே என்று, சுருட்டி வைத்திருந்த சொட்டுநீர்க் குழாயை விரித்து அதிலேயே பூஞ்சைக்கொல்லி கலந்து விட்டேன். மனைவி என்பதால் முழு சர்வீஸ். வேறு யாருக்காவது இவ்வளவு செய்திருந்தால் என்னைத் தலையில் தூக்கி வைத்து ஆடியிருப்பார்கள்.

மார்ச் 30, ஞாயிறு

பேத்தி பிறந்திருக்கிறாள்! போனில் முகத்தைக் காட்டினார்கள். என் அப்பா மாதிரி இருக்கிறாள். அவரும் எப்போதும் எதையோ பறிகொடுத்தவர் மாதிரிதான் பார்ப்பார். கடையில் எல்லாருக்கும் மைசூர்பாகு கொடுத்தேன். கோகிலாவிடம் தோட்டத்தைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். நேரில் பார்ப்பதுதான் ஆச்சரியம் என்று விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 12, சனி

கோகிலா வந்தாள். பையை வாசலில் வைத்துவிட்டு நேராகத் தோட்டத்துக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். வரப்பில் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினாள். ஒரு பிடி மண் அள்ளினாள். மூக்கருகே கொண்டுபோனாள். திரும்பவும் கீழே போட்டுவிட்டுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். ஆச்சரியப்பட்டாளா என்றால், அப்படி ஒரு முகத்தை நான் முப்பத்திரண்டு வருஷத்தில் பார்த்ததில்லை. ஆகவே ஆச்சரியம் என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

வீட்டுக்கு வந்து சோறு போடும்போதுதான் வாய் திறந்தாள்.

"ஏனுங்க, இத்தன வருசமா வெதை விக்கறீங்க. சணப்புக்கும் களைக்கும் வித்தியாசம் தெரியாதுங்களா?"

நான் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டேன். கத்திரிக்காய்க் குழம்பு நன்றாக இருந்தது.

ஏப்ரல் 13, ஞாயிறு

அவளுடைய பை வாசல் அறையில் கட்டினபடியே இருக்கிறது. துணிகளை எடுத்து வைக்க நேரமில்லை போல.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை பிறந்தது. மாங்காய்ப் பச்சடியில் வேப்பம்பூ தூக்கலாக இருந்தது. என் தட்டில் மட்டும் தூக்கலாக இருந்ததா என்று அவளிடம் கேட்கவில்லை.

நித்யா போன் செய்தாள். கோயமுத்தூரில் ஒரு காலேஜில் நுண்ணுயிரியல் பாடம் எடுக்கிறாள். மகளை அதைப் படிக்க வைத்தவனே நான்தான். அது என்ன படிப்பு என்று அன்றைக்கே கேட்டிருக்கலாம். அம்மாவும் மகளும் வெகு நேரம் பேசினார்கள். பிறகு ஸ்பீக்கரில் போட்டார்கள்.

"அப்பா, திட்டறதுக்குக் கூப்படலைங்க. மண்ணுல உசுரு இருக்குதா இல்லையான்னு பார்க்க ஒரு சுலபமான வழி இருக்குது. சுத்தமான காட்டன் துணியை ரெண்டு பக்கமும் புதைச்சு வையுங்க. ரெண்டு மாசம் தண்ணி விடுங்க. மண்ணு உசுரோட இருந்தா துணியைத் தின்னுரும். இல்லீன்னா துணி அப்படியே வரும்."

"மண்ணுக்குப் பட்டுத்துணி வேண்டாமா?" என்று கேட்டேன். தமாஷுக்குத்தான். யாரும் சிரிக்கவில்லை.

பிறகு கோகிலா சொன்னாள். அடுப்பைத் துடைத்துக்கொண்டே சாதாரணமாகத்தான் சொன்னாள். "ஆனி பொறந்தொடனே தோண்டிப் பார்க்கறேன். மக்கியிருந்துச்சுன்னா மஞ்சள் நடறேன். இல்லீன்னா கோயமுத்தூருக்கே போயர்றேனுங்க. நித்யாவும் வேலைக்குப் போகோணும், பேத்தியை நான் பார்த்துக்கறேன். இன்னொருக்கா மூணு வருசம் அந்த மண்ணைத் தேத்தறதுக்கு எனக்குத் தெம்பில்லீங்க."

"போய் எத்தனை நாள் இருப்பே?"

அவள் அடுப்பை இன்னொரு முறை துடைத்தாள்.

ஏப்ரல் 15, செவ்வாய்

துணிக்கு என் வேட்டியைக் கொடுப்பதென்று முடிவானது. குற்றவாளி நான்தானே. கம்பெனிக்காரர்கள் கொடுத்த பளபள வேட்டி ஒன்றைத் தாராளமாக எடுத்து நீட்டினேன். கோகிலா அதிலிருந்து ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டினாள். நூல் எரியாமல் உருகி மணியாகச் சுருண்டது, பாலியெஸ்டர். "இதைப் புதைச்சா நம்ம பேத்திக்குப் பேத்தி வந்து எடுத்துக் கட்டிக்கலாமுங்க" என்றாள். இன்று அவள் என்னிடம் பேசிய ஒரே வாக்கியம் இது.

கடைசியில் போன தீபாவளிக்கு நெசவாளர் சொசைட்டியில் எடுத்த நாலு முழம் பருத்தி வேட்டி பலியானது. ஒரே மாதிரி இரண்டு எடுத்திருந்தேன். ஒன்றை நடுவில் கிழித்துப் பாதியை அவள் பக்கமும் பாதியை என் பக்கமும் ஒரு சாண் ஆழத்தில் புதைத்தோம். அடையாளத்துக்கு ஒரு குச்சி. தண்ணீர் இரண்டு பக்கமும் ஒரே அளவு.

புதைத்துவிட்டு நிமிர்ந்தபோது, சாவு வீட்டில் நிற்கிற மாதிரி இரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தோம்.

ஏப்ரல் 22, செவ்வாய்

கடையிலிருந்து நித்யாவுக்குப் போன் போட்டேன். கோகிலாவுக்குத் தெரியாமல்தான்.

"துணியைத் திங்கறது யாரு கண்ணு?"

"ஒருத்தர் இல்லீங்கப்பா. பூஞ்சை நூலை உடைக்கும். உடைஞ்சதைப் பாக்டீரியா கரைக்கும். அதுங்களைத் திங்க இன்னொரு கூட்டம் வரும். அம்மா பலதும் கலந்து வெதைச்சது எதுக்கு? ஒவ்வொரு வேரும் ஒவ்வொரு வகைக்குச் சோறு போடும். நீங்க அந்த வேரையெல்லாம் சாகடிச்சிட்டீங்க. தீ வெச்சதுல மேல்மண்ணுல இருந்தது கருகிருச்சு. ரோட்டவேட்டர்ல பூஞ்சையோட இழை எல்லாம் அறுந்துபோச்சு. மிச்சத்துக்கு மருந்து."

"அப்படீன்னா அழுகல் நோயும் செத்திருக்குமே?"

"அதுதான் மொதல்ல திரும்பி வரும். எதுத்து நிக்க ஆளில்லாத எடமாச்சுங்களே. எத்தனை கோடி இருக்குதுங்கறது இல்லீங்கப்பா. எத்தனை வகை இருக்குதுங்கறதுதான் முக்கியம்."

இது எனக்கு நன்றாகப் புரிந்தது. எங்கள் கடைவீதியில் ஆறு பூச்சிமருந்துக்கடை இருந்தவரை எவனும் விலையை ஏற்ற முடியவில்லை. கொரோனாவில் நாலு கடை மூடியதும் எதிர்க்கடைக்காரனும் நானும் ஆடிய ஆட்டம் எங்களுக்குத்தான் தெரியும். மண்ணுக்குள்ளும் அப்படித்தான் போலிருக்கிறது. நான் போய் ஆறு கடையையும் இடித்துவிட்டு, ரவுடிக்கு மட்டும் சாவியைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

ஏப்ரல் 29, செவ்வாய்

ஒரு யோசனை உதித்தது. செத்ததைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டால்? கடையில் டிரைக்கோடெர்மா பாக்கெட் இருக்கிறது. நல்ல பூஞ்சை, அழுகல் நோயைத் தின்கிற பூஞ்சை, பொடியாகவே விற்கிறோம். யாரும் வாங்காததால் ஸ்டாக் நிறைய. கோகிலா சந்தைக்குப் போன நேரம் பார்த்து அவள் பக்கத்துக்கு அடித்துவிட்டு வந்தேன். திருட்டு முழியோடு வந்து ஒரு சொம்பு தண்ணீர் குடித்தேன்.

நித்யாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

"நல்லதுதானுங்கப்பா. டேங்க்கைக் கழுவீட்டு ஊத்துனீங்களா?"

போன வாரம் அதே டேங்க்கில் என் பக்கத்துக்குப் பூஞ்சைக்கொல்லி அடித்திருந்தேன். கழுவவில்லை.

அதைச் சொன்னதும், மருந்தின் பெயரை மட்டும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "பாப்பா அழுகறாள், வெச்சர்றேன்" என்றாள். பாப்பா அழுத சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

மே 5, திங்கள்

வெல்லக் கரைசலும் புளித்த மோரும் ஊற்றிப் பார்த்தேன். எறும்பு வந்தது.

மே 11, ஞாயிறு

சென்னியப்பன் கடைக்கு வந்தார். கோகிலா பக்கம் சுத்தமாகக் கிடப்பதைப் பார்த்துப் பார்த்து அவருக்கு ஆசை வந்துவிட்டதாம். களைக்கொல்லி, தீ, ரோட்டவேட்டர், மருந்து என்று அதே முழு சர்வீஸைத் தன் தோட்டத்துக்கும் செய்ய வேண்டுமாம். நாலு வாடிக்கையாளர்கள் நின்றிருந்தார்கள்.

"ஆனி வரைக்கும் பொறுங்க" என்றேன்.

"ஏனுங்கண்ணா? தையிலே உங்க ஊட்டம்மாளே உங்க கடைச் சரக்கு வாங்கறதில்லையாமான்னு நான் கேட்டதுக்கு, பாருங்க ஒரே மாசத்துல மாத்திக் காட்டறேன்னு இங்கதான சொன்னீங்க? மாத்திக் காட்டீட்டீங்களே!"

நாலு பேரும் சிரித்தார்கள். நானும் கூடவே சிரித்தேன். சென்னியப்பன் எதிர்க்கடைக்குப் போய்விட்டார். எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். பேனா தானாக எழுதிவிட்டது. சணப்பு எனக்குத் தெரியும். கொள்ளு தெரியும், தட்டைப்பயறு தெரியும், எள்ளும் தெரியும். கண்ணைக் கட்டிவிட்டுக் கையில் கொடுத்தாலும் சொல்வேன்.

மே 14, புதன்

கோகிலா தோட்டத்துக்குப் போவதில்லை. காலையில் போனில் பேத்தியைப் பார்க்கிறாள், மாலையில் பேத்தியைப் பார்க்கிறாள். நடுவில் நான் தென்பட்டால் என்னையும் பார்க்கிறாள்.

மே 18, ஞாயிறு

இன்றைக்கு விற்பனை மந்தம், யோசனை அதிகம். மஞ்சள் அழுகிய வருஷம் ஞாபகம் வந்தது. செடி மேலே பச்சையாகத்தான் நின்றது. ஒரு நாள் காலையில் மஞ்சளித்தது. பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிட்டது. கிழங்கு அமுக்கினால் கூழ். அந்த நாற்றத்தில் அவள் பாத்தியிலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டாள். எல்லாம் போய்விட்டது என்று தெரிந்தும் கடைசிச் செடி வரை பிடுங்கினாள். அவள் அழவில்லை. நான் கடைக்குப் போய் இன்னும் வீரியமான மருந்து எடுத்துவந்து நீட்டினேன். அதற்குப் பிறகுதான் அவள் என் கடைக்கு வருவதை நிறுத்தினாள்.

வேட்டி மக்க வேண்டும். அவள் போகக் கூடாது. எனக்கு ரசம் வைக்கத் தெரியாது என்பது மட்டும் காரணமில்லை.

மே 20, செவ்வாய்

மண் தானாக மக்க வைக்காவிட்டால் நான் மக்க வைப்பேன். தீபாவளி வேட்டியில் இன்னொன்று பீரோவில் இருக்கிறதே! அதை நடுவில் கிழித்தேன். கடைக்குப் பின்னால் பழைய சாக்குகளைப் போட்டு வைக்கும் இடத்தில் ஒரு குழி தோண்டினேன். பால்காரர் வீட்டுச் சாணி, டீக்கடைத் தூள், காய்கறிக் கழிவு, வாழைப்பட்டை எல்லாம் போட்டு நடுவில் வேட்டித் துண்டை வைத்து மூடினேன். ஆனி பிறப்பதற்கு முன்னால் இந்த மக்கிய துண்டை எடுத்துப்போய் அவள் பக்கத்தில் புதைத்துவிட்டு, அங்கே இருப்பதை எடுத்துக்கொண்டு வந்துவிட வேண்டியது.

பூஞ்சைக்கொல்லி விற்கிறவன் தன் கடைக்குப் பின்னால் பூஞ்சை வளர்க்கிறான். கம்பெனிக்காரர்களுக்குத் தெரிந்தால் டைரியை நிறுத்திவிடுவார்கள்.

ஜூன் 1, ஞாயிறு

குழியைத் திறந்து பார்த்தேன். அடடா! வேட்டி சல்லடையாகிவிட்டது. வெள்ளை வெள்ளையாக நூல் மாதிரி படர்ந்திருக்கிறது, ஊதா நிறத்தில் ஒன்று, பச்சையாக ஒன்று, செம்மண் நிறத்தில் ஒன்று. நெளிகிறது, ஓடுகிறது, தாவுகிறது. மண்புழுவை யார் கூப்பிட்டார்கள் என்று தெரியவில்லை, அதுவும் வந்திருக்கிறது. மழை பெய்ததும் வருமே ஒரு வாசம், அந்த வாசம். பழகிய ஒருவரைப் பார்த்த மாதிரி இருந்தது. வெகு நேரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தேன். வாடிக்கையாளர் ஒருவர் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, கடையில் ஆளில்லை என்று போய்விட்டார்.

ஜூன் 8, ஞாயிறு

ஒரே மழை. குழிக்கு மேல் தார்ப்பாய் போட்டேன். பேத்திக்குக்கூட இத்தனை கவலைப்பட்டதில்லை.

ஜூன் 14, சனி

நாளைக்கு ஆனி பிறக்கிறது. காலையில் கோகிலா கோயிலுக்குப் போனதும், மக்கிய துண்டை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு தோட்டத்துக்கு ஓடினேன். அவள் பக்கத்துக் குச்சியைப் பிடுங்கிவிட்டு மெதுவாகத் தோண்டினேன்.

துணி வந்தது. பழுப்பேறியிருந்தது. ஓரத்தில் கொஞ்சம் இற்றிருந்தது, நடுவில் அங்கங்கே ஓட்டைகள். மற்றபடி முழுசு. இரண்டு மாதம் மண்ணுக்குள் கிடந்த துணி அப்படியிருந்தால், கீழே சாப்பிட ஆளில்லை என்று அர்த்தம். அழுக்குத்துணிக் கூடையில் போட்டிருந்தாலும் இந்த அளவு ஆகியிருக்கும்.

பையைப் பிரித்து என் துண்டை எடுத்தேன். மாற்றுவதற்கு ஒரு நிமிஷம் ஆகாது. மாற்றினால் அவள் நம்புவாள். ஏனென்றால் நம்ப ஆசைப்படுகிறாள். வாசல் அறையில் கிடக்கும் பையைப் பிரித்துத் துணிகளைப் பீரோவில் வைப்பாள். இந்த வாரமே விதைக்கிழங்கு நடுவாள். ஐப்பசியில் அவள் பிடித்து இழுக்கிற செடி கையோடு வரும். அவள் மறுபடி பாத்தியில் உட்கார்ந்து கடைசிச் செடி வரை பிடுங்குவாள். நான் எதிரில் நின்று அதைப் பார்க்க வேண்டியிருக்கும்.

அவள் கோயமுத்தூருக்குப் போய்விட்டால் எனக்குத் தாங்காது. ஆனால் இதை என்னால் சுத்தமாகத் தாங்க முடியாது.

அவள் துண்டை இருந்த இடத்திலேயே வைத்து மூடினேன். என் துண்டைப் பையில் போட்டு வந்த மாதிரியே ஸ்கூட்டரில் வைத்தேன். கடைக்குப் போய் இரண்டு பேருக்கு யூரியா விற்றேன். ஒருவருக்கு மீதிச் சில்லறையை அதிகமாகக் கொடுத்துவிட்டேன் என்று அவரே திரும்பி வந்து கொடுத்தார்.

ஜூன் 15, ஞாயிறு

முதலில் என் பக்கம். துணி எப்படி வந்தது என்றால், துவைத்துக் கஞ்சி போட்டு அதே நாள் கல்யாணத்துக்குக் கட்டிக்கொண்டு போகலாம். கரை கூட மங்கவில்லை. இருபத்தைந்து வருஷத்து உழைப்பு!

அடுத்து அவள் பக்கம். அவளே தோண்டினாள். துணியை எடுத்து உதறி, இரண்டு கையாலும் பிடித்து வெயிலுக்கு நேராகத் தூக்கினாள். ஓட்டைகள் வழியாக வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. வெகு நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முழுசா சாகலை" என்றாள். "ஆனா மஞ்சள் தாங்காதுங்க."

"ஒரு ஏக்கர் மட்டும் நட்டுப் பார்க்கலாமா?" என்று கேட்டுவிட்டேன். என் வாய் எப்போதும் என்னைக் கேட்டுக்கொண்டு திறப்பதில்லை.

"வேண்டாமுங்க."

துணியை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தாள். வரப்பில் ஏறும்போது கால் வழுக்கியது. நான் கையைக் கொடுத்தேன். பிடித்துக்கொண்டாள். ஏறியதும் விட்டுவிட்டாள்.

ஜூன் 17, செவ்வாய்

கோபி பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போனேன். பையை முன்னால் வைத்துக்கொண்டு, அவளைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு ஸ்கூட்டரை ஓட்டினேன். மெதுவாகத்தான் ஓட்டினேன். பாதி வழியில் முதுகைத் தட்டினாள்.

"ஏனுங்க, என்ன நாத்தமுங்க இது? வண்டியை நிறுத்துங்க."

இறங்கி சீட்டைத் தூக்கினாள். மூன்று நாள் வெயிலில் பிளாஸ்டிக் பைக்குள் வெந்த என் வேட்டித் துண்டு. எடுத்து எறிந்திருக்க வேண்டும். மறந்துபோனேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள், எறிய மனசு வரவில்லை. அவள் பையைப் பிரித்தாள். கரையைப் பார்த்தாள், ஓட்டைகளைப் பார்த்தாள். நித்யாவிடம் காட்ட மடித்து வைத்திருந்த தோட்டத்துத் துண்டைத் தன் பையிலிருந்து எடுத்து இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தாள். நான் எதிரே போன ஒரு பன்றிக்குட்டியை மிகவும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மாத்தி வெக்கறதுக்குப் பண்ணுனீங்களா?"

"ஆமா."

"ஏனுங்க மாத்தலை? நா நம்பியிருப்பனே."

"அதனாலதான் மாத்தலை கோகிலா."

அந்தத் துண்டை மூக்கருகே கொண்டுபோனாள். அப்புறம் முகம் கோணாமல் இன்னொரு முறை முகர்ந்தாள். சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. ஊரிலிருந்து வந்த பிறகு முதல் தடவை. ரோட்டோரத்தில் ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். எப்போது சிரிப்பு நின்று மற்றது தொடங்கியது என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

"எங்க வெச்சு மக்க வெச்சீங்க?"

"கடைக்குப் பின்னாடி."

"மருந்துக்கடைக்குப் பின்னாடிங்களா!" மறுபடி ஆரம்பித்தாள். "நாலு ஏக்கர்ல இல்லாத உசுரு அங்கதான் இருக்குதுங்க. அந்தக் குழியை வெய்யில்ல காய விட்டறாதீங்க. அந்த மண்ணை எடுத்துத் தோட்டத்துல தூவீட்டு, மழை பேஞ்சதும் பல தானியம் வெதையுங்க. சருகைப் பரப்பி மண்ணுக்கு மூடாக்குப் போடுங்க. உழுகாதீங்க."

"என் பக்கமும் வெதைக்கட்டுமா?"

"அது உங்க இஷ்டமுங்க."

கோயமுத்தூர் பஸ் வந்தது. வண்டி கிளம்பும் வரை ஜன்னலுக்குக் கீழேயே நின்றேன். போகாதே என்று சொல்ல வேண்டும் என்று இருந்தது. பேத்திக்குப் பால் கொடுத்துவிட்டு வேலைக்குப் போகிற மகளும் கண்ணுக்கு முன்னால் வந்தாள். "போன் பண்ணு" என்றேன். பஸ் போய்விட்டது.

ஜூன் 19, வியாழன்

வீடு நன்றாக இல்லை. வாசல் அறையில் பை இருந்த இடத்தில் தினமும் கால் போய் நிற்கிறது.

ஜூன் 29, ஞாயிறு

குழி மண்ணைக் கூடை கூடையாகச் சுமந்து போட்டேன். சென்னியப்பன் வேலியோரம் நின்று, "கடையில எரு விக்கறீங்களாண்ணா?" என்றார். "இல்லீங்க, இலவசம்" என்றேன். சணப்பு, கொள்ளு, தட்டை, எள், கம்பு, சோளம் எல்லாம் கலந்து விதைத்தேன். எல்லா விதையும் என் கடையிலிருந்தே. வரப்புக்குக் கிழக்கே ஆரம்பித்தேன், மேற்கே போய் முடித்தேன். களைக்கொல்லி டேங்க்கைத் துணி துவைக்கும் கல்லில் வைத்து மூன்று தடவை கழுவினேன். எதற்கென்று தெரியவில்லை. கழுவினால் நன்றாக இருந்தது.

ஜூலை 6, ஞாயிறு

மாலையில் கோகிலா போன் செய்தாள். மழை பெய்ததா என்று கேட்டாள். பெய்தது என்றேன். மூடாக்கு போட்டாயிற்றா என்று கேட்டாள். போட்டாயிற்று என்றேன். பேத்தி குப்புறப் படுக்கப் பார்க்கிறாளாம். பின்னால் பாப்பாவின் சத்தம் கேட்டது.

"எப்ப வர்றே?" என்று கேட்டேன். கேட்டே விட்டேன்.

பேத்தியைத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள் போலிருக்கிறது.

"சணப்பு பூ எடுக்கட்டுமுங்க. மடக்கிப் போடறதுக்கு வர்றேன்."

போனை வைத்ததும் தோட்டத்துக்குப் போனேன். இரண்டு பக்கமும் முளை விட்டிருக்கிறது. இரண்டு இலை, மூன்று இலை, அவ்வளவுதான். பூ எடுக்க இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். குனிந்து பார்க்க இடுப்பு ஒத்துழைக்கவில்லை. ஆகவே ஈர மண்ணிலேயே உட்கார்ந்து, வேட்டி கெட்டுப்போனால் போகட்டும் என்று, இருட்டும் வரை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.